கதிரவன் தந்த இரு செல்வங்கள்

நுழையும்முன்

ஆற்றல் ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாறுவதை அறிவியல் ஒரு விதியாகக் கூறுகிறது. அவ்விதி அன்றாடம் செயற்படும் களங்களுள் ஒன்று காவிரிப் படுகை. ஆற்று நீரிலும் நெல்மணியிலும் நிலத்தடி எரிவாயுவிலும் நிகழும் ஆற்றல் மாற்றங்களை மன்னார்குடி வட்டாரத்தின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

அழியாத ஆற்றல்

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது. ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்ற மட்டுமே இயலும். இதனை ஆற்றல் அழிவின்மை விதி என்பர். 1840களில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், எடைக்கல் கீழிறங்கும்போது அதனோடு கயிற்றால் பிணைத்த துடுப்புச் சக்கரம் நீரைக் கலக்குமாறு ஒரு சோதனையை அமைத்தார். நீரின் வெப்பநிலை சிறிதளவு உயர்ந்தது. எடைக்கல் இழந்த நிலை ஆற்றல் நீரில் வெப்பமாக வந்து சேர்ந்திருந்தது. ஆற்றலின் அலகு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அழியாத ஒன்றை ஏன் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்? ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஆற்றலின் ஒரு பகுதி, மீண்டும் பயன்கொள்ள அரிதான வெப்பமாகச் சிதறிவிடுகிறது. எனவே, ஓர் ஆற்றல் எத்தனை மாற்றங்களைக் கடந்து வருகிறது, அதற்கு ஈடாக எதனை இழக்கிறோம் எனக் கணக்கிடுவது இன்றியமையாதது.

இறங்கி வரும் நீரும் ஏற்றப்படும் நீரும்

கதிரவனின் வெப்பம் கடல்நீரை ஆவியாக்கி உயர்த்துகிறது. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையாகப் பொழிந்து, காவிரியாகப் பெருகி, 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் தேங்குகிறது. உயரத்தில் தேங்கிய நீரின் நிலை ஆற்றல், நீர் பாயும்போது இயக்க ஆற்றலாகிறது. மின்நிலையத்தின் சுழலியைச் சுழற்றி மின்னாற்றலாகிறது. மின்னாக்கிய பின்னும் நீரின் பயன் முடிந்துவிடுவதில்லை. கல்லணையைக் கடந்து, வெண்ணாற்றின் வழியே நீடாமங்கலம் அருகேயுள்ள மூணாறு தலைப்பை அடைந்து, பாமணியாறாகப் பிரிந்து மன்னார்குடிக்கு வருகிறது. ஆற்றுநீர் வாய்க்கால் வழியே வயலை அடைவதற்கு உழவர் எரிபொருள் எதையும் செலவிடுவதில்லை. நிலத்தின் சரிவே நீரை நடத்திச் செல்கிறது.

மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம். திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளில் குறுவைச் சாகுபடிக்கு ஆழ்துளைக் கிணறுகளே துணை. அப்போது கணக்கு தலைகீழாகிறது. 20 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு லிட்டர் நீரை மேலேற்ற ஏறத்தாழ 196 ஜூல் ஆற்றல் தேவை. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 இலட்சம் ஜூல். இழப்பே இல்லையெனில் ஒரு யூனிட்டைக் கொண்டு சுமார் 18,000 லிட்டர் நீரை ஏற்றலாம். நடைமுறையில், மோட்டாரின் சூடும் குழாயின் உராய்வும் எடுத்துக்கொண்டது போக, அதில் பாதியளவை ஏற்றுவதே அரிது. நீர்மட்டம் இருமடங்கு ஆழத்துக்கு இறங்கினால் செலவும் இருமடங்காகும். வேளாண்மைக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுவதால் இச்செலவு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும், ஏதோ ஒரு மின்நிலையம் அதனை ஈடுசெய்துகொண்டுதான் இருக்கிறது.

நெல்மணியில் தேங்கும் ஒளி

வயலில் நிகழும் மாற்றம் ஓசையற்றது. நெற்பயிரின் பச்சையம் ஒளி ஆற்றலை வேதி ஆற்றலாக மாற்றுகிறது. வயலில் விழும் ஒளியில் பயிர் தன்னுள் சேமிப்பது நூற்றில் ஓரிரு பங்கே. அச்சிறு பங்கே மாந்தரைக் காக்கப் போதுமானதாக இருக்கிறது. ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ 3,500 கிலோகலோரி ஆற்றல் உள்ளது. இது நான்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உண்பவரின் உடலில் அது தசைகளின் இயக்கமாகவும் உடல் வெப்பமாகவும் மாறுகிறது.

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அரிசி ஆலையின் கொதிகலனில் உமி எரிந்து நீரை ஆவியாக்குகிறது. அந்நீராவியில் நெல் அவிகிறது. நெல்லைப் புழுங்கலாக்கும் வெப்பத்தை நெல்லே தந்துவிடுகிறது. வைக்கோல் மாட்டுக்குத் தீவனமாகிறது. மாட்டின் சாணம் வயலுக்கு எருவாகவும் அடுப்புக்கு எரிவாயுவாகவும் திரும்பி வருகிறது.

நிலத்தடியில் உறையும் ஒளி

பன்னெடுங்காலத்துக்கு முன் வாழ்ந்து மண்ணில் புதைந்த உயிரினங்களின் எச்சங்களே நிலக்கரியும் எரிவாயுவும் ஆயின. அவற்றில் இருப்பதும் கதிரவனின் ஒளியே. படுகையில் கிடைக்கும் எரிவாயுவைக் கொண்டு மின்னாக்கும் நிலையம் ஒன்று மன்னார்குடியை அடுத்த திருமக்கோட்டையில் 2001இல் தொடங்கப்பட்டது. இதன் நிறுவுதிறன் ஏறத்தாழ 108 மெகாவாட். எரிவாயு எரிந்து எழும் வெப்பக் காற்று முதற்சுழலியைச் சுழற்றுகிறது. அதிலிருந்து வெளியேறும் வெப்பம் நீரை நீராவியாக்கி இரண்டாம் சுழலியைச் சுழற்றுகிறது. வெப்பத்தை இவ்வாறு இருமுறை பயன்படுத்தியும் இத்தகைய நிலையங்களில் எரிவாயுவின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியே மின்னாகிறது.

மாற்றத்தின் விலை

மன்னார்குடிப் பகுதியின் ஆழத்தில் நிலக்கரிப் படிவங்கள் உள்ளன. அவற்றில் தங்கியுள்ள மீத்தேனை எடுக்க 2010இல் நடுவண் அரசு தனியார் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்தது. படிவத்திலுள்ள நீரின் அழுத்தமே மீத்தேனை அடக்கி வைத்திருக்கிறது. அந்நீரை இறைத்து வெளியேற்றினால்தான் வாயு வெளிப்படும். இதனால் நிலத்தடி நீர்மட்டம் தாழும், கடல்நீர் உட்புகும், விளைநிலம் கெடும் என உழவர்கள் அஞ்சினர், ஊர்தோறும் போராடினர். மீத்தேன் எதிர்ப்புப் பரப்புரையில் ஈடுபட்டிருந்த இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார், பட்டுக்கோட்டை அருகே 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார். 2015இல் தமிழ்நாடு அரசு அத்திட்டத்தைத் தடைசெய்தது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. படுகையில் புதிதாக எரிவாயு எடுக்கும் பணிகளை அச்சட்டம் தடுக்கிறது. முன்பே நடைபெற்று வந்த பணிகளை அது கட்டுப்படுத்தவில்லை.

வீட்டின் விளக்குக்கும் வயலின் மோட்டாருக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. வயலுக்கு மேலுள்ள நெல்லும் கீழுள்ள எரிவாயுவும் கதிரவன் தந்தவையே. ஆனால், நெல் பருவந்தோறும் புதிதாக விளைவது. எரிவாயு எடுத்துவிட்டால் மனித வாழ்நாளில் மீளாதது. ஆற்றல் அழிவதில்லை, அதனைப் பயன்தரும் வடிவில் தாங்கி நிற்கும் நிலமும் நீரும் அழியக்கூடும். ஆற்றல் மாற்றத்தின் கணக்கில் அவ்விழப்பையும் சேர்த்து எழுதுவதே அறிவுடைமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு நாளில் நிகழும் ஐந்து ஆற்றல் மாற்றங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் வீணாகும் ஆற்றல் எவ்வடிவில் வெளியேறுகிறது எனக் குறிப்பிடுக.
2. ஆற்றுப்பாசனம், ஆழ்துளைக் கிணற்றுப்பாசனம் ஆகியவற்றின் ஆற்றல் செலவை ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

குறுவினா: நெல்லைப் புழுங்கலாக்கும் வெப்பத்தை நெல்லே தருவது எங்ஙனம்?

நெடுவினா: "ஆற்றல் அழிவதில்லை, அதனைத் தாங்கி நிற்கும் நிலமும் நீரும் அழியக்கூடும்" – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.