கைப்பேசி மிரட்டலும் ஊர்ப் பெரியோர் கடமையும்

சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கும் இன்று கைப்பேசி வந்துவிட்டது. அதனுடன் ஒரு புதிய தொல்லையும் நுழைந்துள்ளது. சிறுமி ஒருத்தியின் முகத்தை வேறோர் உடலுடன் இணைத்துப் பொய்ப்படம் செய்து, 'சொன்னபடி கேளாவிடில் ஊரெங்கும் பரப்புவேன்' என்று அச்சுறுத்துவது அதில் மிகக் கொடிய வகை. ஆண் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர்.

செய்தி தெரிந்ததும் வீட்டில் நடப்பது யாது? பெண்ணின் கைப்பேசி பறிக்கப்படுகிறது; படிப்பும் நிறுத்தப்படுகிறது. குற்றம் புரிந்தவன் வெளியே திரிய, தண்டனை இவளுக்கு! இதனைக் கண்ட தோழியர், நாளை தமக்கு நேர்ந்தால் வாய் திறப்பரோ? அந்த மௌனமே மிரட்டுவோனின் பலம்.

விஷயத்தை ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடித்துவிடுவது மற்றொரு பெருந்தவறு. பதினெட்டு வயது நிரம்பாதவரின் உடலைக் காட்டும் படத்தை, அது மெய்யாயினும் பொய்யாயினும், பயன்படுத்துவதாகப் பாலியல் நோக்கத்துடன் மிரட்டுவதே 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். படம் வெளியாக வேண்டுமென்பதில்லை. மூன்றாண்டு வரை சிறை உண்டு. குற்றத்தை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. சமரசம் பேசிய பெரியவர்க்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் அறியார்.

மிரட்டல் செய்தியை அழித்தலாகாது. அனுப்பியவனின் கணக்குப் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாட்சிக்கென்றுகூடப் படத்தைப் பிறருக்கு அனுப்பலாகாது. பணம் கொடுத்தால் மிரட்டல் ஓயும் என நம்புவதும் வீண். குழந்தைகள் உதவி எண் 1098 இரவு பகலாக, கட்டணமின்றி இயங்குகிறது. அதனை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் பள்ளிச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதிவைத்தல் நலம்.