முருகன் பேரு உடையாம வீடியோவில் எழுத்து அனிமேஷன் செய்வது எப்படி?

ஓம் சரவண பவ! 

போன பங்குனி உத்திரத்துக்கு மயிலம் கிளம்புறதுக்கு முந்தின நாள் ஒரு ஸ்டேட்டஸ் வீடியோ போட்டேன். மரக்காணம் உப்பளத்துல விடியற்காலை எடுத்த காட்சி. அதுக்கு மேல ‘முருகா’ன்னு ஒவ்வொரு எழுத்தா வர்ற டைப்ரைட்டர் எஃபெக்ட். சூப்பரா இருக்குன்னு நானே நினைச்சுக்கிட்டேன். எங்க பாட்டி பார்த்துட்டு, “என்னடா, சாமி பேரு திக்கித் திக்கி வருது?”ன்னு கேட்டாங்க.

மெதுவா ஓட்டிப் பார்த்தேன். ம, மு, முர, முரு, முருக, முருகா. பாட்டி சொன்னது சரிதான்.

இது ஏன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். நமக்கு ‘மு’ ஒரே எழுத்து. யூனிகோடில் அது இரண்டு குறியீடு: ‘ம’ ஒன்று, உகரக் குறி இன்னொன்று. ‘முருகா’ நமக்கு 3 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 6. ‘வேல்’ நமக்கு 2, அதுக்கு 4. ‘வேல்’ இன்னும் மோசம். கொம்பு கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சாலும், குறியீட்டு வரிசையில ‘வ’வுக்குப் பின்னாடிதான் இருக்கு. அதனால முதல்ல ‘வ’ வரும், அப்புறம் அதுக்கு இடப்பக்கம் திடீர்னு கொம்பு முளைக்கும், ‘வ’ நகரும். சில ஆப்ல குறி தனியா பிரிஞ்சு புள்ளி வட்டத்தோட நிக்கும். எல்லா மென்பொருளும் இப்படிப் பண்ணாது. ஆனா பண்ணுதான்னு பார்க்காம அனுப்பக் கூடாது.

இப்போ ‘சரவணபவ’வை அதே எஃபெக்ட்ல போட்டுப் பாருங்க. ச, ர, வ, ண, ப, வ. ஆறும் அகர எழுத்து. கால் இல்ல, கொம்பு இல்ல, புள்ளி இல்ல. நமக்கும் 6, கம்ப்யூட்டருக்கும் 6. ஆறெழுத்து மந்திரம் எந்த ஆப்லயும் உடையாது! இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு.

மற்ற பேருக்கு என்ன வழி? சுலபமான வழி, முழுச் சொல்லையும் ஒரே படமா நகர்த்துறது. கைன்மாஸ்டரில் லேயர், அதில் டெக்ஸ்ட் எடுத்து பேரை எழுதுங்க. இன் அனிமேஷனில் ஃபேடு, ஸ்லைடு, வைப் மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தா எழுத்து பிரியாது. இடமிருந்து வலமா வைப் வெச்சா எழுதுற மாதிரியே தெரியும். கம்ப்யூட்டர்ல ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் வெச்சிருக்கிறவங்க, டெக்ஸ்ட் அனிமேட்டரின் ரேஞ்ச் செலக்டரில் அட்வான்ஸ்டு போய், ‘பேஸ்டு ஆன்’ என்பதை கேரக்டர்ஸில் இருந்து வேர்ட்ஸுக்கு மாத்துங்க. சொல் சொல்லா வரும்.

இல்ல, எழுத்து எழுத்தாத்தான் வேணும்னா கையால பண்ணணும். முழுப் பேரையும் மங்கலா ஒரு லேயரில் வையுங்க. இது அளவுக்கு மட்டும். அதே எழுத்துரு, அதே அளவில் மு, ரு, கா மூணையும் தனித்தனி டெக்ஸ்ட் லேயரா எழுதி, அந்த மங்கல் பேரு மேலேயே சரியா பொருத்துங்க. ‘மு’ 1.0 விநாடியில் தொடங்கட்டும், ‘ரு’ 1.4, ‘கா’ 1.8. மூணும் ஒரே இடத்துல முடியணும், அதை மறந்துடாதீங்க. ஒவ்வொண்ணுக்கும் சின்ன ஃபேடு கொடுத்துட்டு மங்கல் லேயரை நீக்கிடுங்க. ‘வெற்றிவேல்’னா 5 லேயர்: வெ, ற், றி, வே, ல். பத்து நிமிஷம் பிடிக்கும். பேரைச் சொல்லிக்கிட்டே பண்ணுங்க, நேரம் போறதே தெரியாது.

எழுத்துரு எடுக்கும்போது யூனிகோடு எழுத்துருவா பாருங்க. பாமினி மாதிரி பழையதைப் போட்டா, நாம ஒட்டுற யூனிகோடு எழுத்துக்கு அது பொருந்தாது. கூகுள் ஃபான்ட்ஸில் பாலூ தம்பி, முக்தா மலர், கவிவனார் எல்லாம் இலவசம். கட்டமரான்னு ஒண்ணு இருக்கு, நம்ம கட்டுமரம்தான்! கடற்கரைக்காரங்க எடுக்காம இருப்போமா?

அப்புறம் நிறம். உப்புக் குவியல் மேல வெள்ளை எழுத்து போட்டா ஒண்ணுமே தெரியாது. நான் முதல்ல அதையும் பண்ணினேன். எழுத்தை வானத்துப் பக்கம் ஏத்துங்க, இல்லன்னா கருஞ்சிவப்புல போடுங்க. எங்க கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு மாதிரி இருண்ட பச்சை பின்னணியா இருந்தா மஞ்சள் எழுத்து அப்படியே எழுந்து நிக்கும்.

ஸ்டேட்டஸுக்கு 1080-க்கு 1920 அளவு. மேலே நம்ம பேரும் கீழே பதில் எழுதுற இடமும் மறைக்கும், அதனால சாமி பேரை நடுவில் வையுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி பாதி வேகத்துல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. முடிஞ்சா வீட்டுப் பெரியவங்க கையிலும் கொடுங்க.

வேலும் மயிலும் துணை.