அடைப்பு நீங்கிய பிறகு இதயத் தசை மீள்வது எப்படி?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். கரண்ட் வந்தால் ஓடும். இது நமக்குப் பழகின கணக்கு. மாரடைப்பு வந்தவருக்கு அடைப்பை எடுத்துவிட்டால் இதயமும் அப்படித்தான் உடனே பழையபடி ஓடும் என்று பலர் நினைக்கிறோம். ஓடவில்லை என்றால் "அவ்வளவுதான், மோட்டார் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டுமே தவறு. ஏன் என்று பார்ப்போம்.

1. அடைப்பின்போது நடப்பது

இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கும் பம்பு. அதன் தசைக்கு ரத்தம் கொண்டுவருபவை கரோனரி தமனிகள். தமனியின் உள்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம்.

அடைத்த ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதித் தசை சுருங்குவதை நிறுத்திவிடும். ஆனால் நின்ற தசை எல்லாம் செத்த தசை அல்ல. 1977-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரைமர், ஜென்னிங்ஸ் ஆகியோர் நாய்களிடம் செய்த சோதனையில், தசைச் சாவு உள் அடுக்கில் தொடங்கி நேரம் ஆக ஆக வெளி அடுக்கை நோக்கிப் பரவுவதைக் கண்டார்கள். பெரிய தமனிகள் இதயத்தின் வெளிப்புறத்தில் ஓடுகின்றன. உள் அடுக்குதான் கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் நின்றால் கடைமடைப் பயிர்தானே முதலில் காயும்? சீக்கிரம் தண்ணீர் விட்டால் மிச்சப் பயிர் பிழைக்கும்.

2. மயங்கிய தசை

அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பியதும் செத்த தசை எழாது. அது சில வாரங்களில் தழும்பாக மாறிவிடும். பிழைத்த தசையோ உயிரோடு இருந்தும் வேலை செய்யாமல் கிடக்கும். இதற்கு 1982-இல் பிரான்வால்ட், கிளோனர் என்ற இரு மருத்துவர்கள் 'ஸ்டன்ட் மயோகார்டியம்' என்று பெயர் கொடுத்தார்கள். 'மயங்கிய இதயத் தசை' என்று சொல்லலாம்.

காரணம் என்ன? ரத்தம் திடீரென்று பாயும்போது கால்சியம் செல்லுக்குள் அளவு மீறிப் புகுகிறது. ஆக்சிஜனிலிருந்து கேடு செய்யும் மூலக்கூறுகளும் உண்டாகின்றன. இவை சுருங்க உதவும் புரதங்களைப் பழுதாக்கும். அந்தப் பழுது சரியாகச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். இதற்குப் பயந்து அடைப்பைத் திறக்காமல் விட முடியாது. திறக்காவிட்டால் தசை மொத்தமும் போய்விடும்.

3. முதல் எக்கோவை வைத்து முடிவு கட்டலாமா?

இடது கீழறையில் 100 மில்லி ரத்தம் நிரம்பினால், ஒரு துடிப்பில் எத்தனை மில்லி வெளியே போகிறது என்பதே 'இ.எஃப்.' கணக்கு. 55-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது.

பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கும் என் பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள் எடுத்த எக்கோவில் 35 என்று வந்தது. வீட்டில் ரிப்போர்ட் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். "இனிமே அவரால பட்டறைக்குப் போக முடியாது, பிள்ளையப் படிப்ப நிறுத்தி மில்லுக்கு அனுப்பிருவோம்" என்று உறவினர்கள் பேசினார்கள். "இது மயங்கின தசையாவும் இருக்கலாம். ஆறு வாரம் மாத்திரை சாப்பிடட்டும், திரும்ப எடுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர். ஆறு வாரம் கழித்து 48 வந்தது. தங்கச்சி பிளஸ் டூவில் இருக்கிறாள். எல்லோருக்கும் இப்படி ஏறும் என்று சொல்ல முடியாது. ஏறுமா என்பதை மூன்றாம் நாளே தீர்மானிக்கவும் முடியாது.

4. நம் மாநிலத்தில்

எல்லா ஊரிலும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதி கிடையாது. அதனால் கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை டாக்டர் அஜித் முள்ளாசரி முதலியோர் சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து ஒரு திட்டத்தைச் சோதித்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் உறைவைக் கரைக்கும் ஊசி. பிறகு ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு மாற்றி ஆஞ்சியோகிராம். 2012 முதல் 2014 வரை 2420 நோயாளிகளிடம் நடந்த இந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்ப வழி செய்யப்பட்டது.

5. நாம் செய்ய வேண்டியவை

* நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை வந்தால் "கேஸ்" என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலி தெரியாமலும் வரலாம்.
* உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.
* கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 12 மணி நேரம் வரை பலன் உண்டு. ஆனால் முதல் சில மணி நேரத்தில் போட்டால்தான் அதிகத் தசை மிஞ்சும்.
* "ஸ்டென்ட் வச்சாச்சே" என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. சில மாத்திரைகள் ஸ்டென்டில் மறுபடி ரத்தம் உறையாமல் தடுக்கின்றன. சில, தழும்பு விழுந்த இதயம் வீங்காமல் பார்த்துக்கொள்கின்றன.
* டாக்டர் சொன்ன தேதியில் மறு எக்கோ எடுக்க வேண்டும். நடைப்பயிற்சியும் வேலையும் அவர் சொல்லும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். வலி வந்த அன்று ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். அடைப்பு நீங்கிய பிறகு சில வாரமாவது பொறுத்திருங்கள். இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.