வாடகை இல்லாத அறை

ஹட்டன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொன்னாய்; குரல் அப்படிச் சொல்லவில்லை. அது இருக்கட்டும். நீ சொன்ன மூன்று இடங்களையும் தாளில் எழுதி, பக்கத்தில் கொழும்பு வரைபடத்தையும் விரித்துப் பார்த்தாயிற்று. கொள்ளுப்பிட்டி அலுவலகத்துக்கு மேலேயே முதலாளி தரும் அறை, வாடகை இல்லை. வத்தளையில் உன் சிநேகிதி இருக்கும் அனெக்ஸ், வாடகையில் பாதி. வெள்ளவத்தையில் ஒரு போர்டிங், அதன் வாடகையைக் கேட்டு அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முடிவு உன்னுடையது. மாமாவுக்குத் தெரிந்தது கீழே இருக்கிறது, அவ்வளவுதான்.

கொழும்பில் வீடு தேடுகிறவர்கள் தூரத்தைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது எந்தப் பாதையில் என்பதை. வத்தளை வரைபடத்தில் கோட்டைக்கு மிகவும் பக்கம். ஆனால் வத்தளை டவுனுக்கு ரயில் கிடையாது. மருதானை தாண்டி தெமட்டகொடை, களனி, ஹுணுப்பிட்டி, ராகமை என்று போகும் பிரதான பாதை வத்தளையை ஒதுக்கிவிட்டுப் போகிறது. நீர்கொழும்பு வீதியில் பஸ் ஏற வேண்டும். அந்த வீதியும் கண்டி வீதியும் 2013இல் திறந்த கட்டுநாயக்கா அதிவேகப் பாதையும் பேலியகொடைப் பக்கம் ஒன்றாக வந்து விழுகின்றன. எல்லாருக்கும் களனி கங்கையைத் தாண்டியாக வேண்டும். 2021 நவம்பரில் புதிய களனிப் பாலம் திறந்த பிறகு கொஞ்சம் இலேசானது உண்மை. பாலத்தைத் தாண்டி வரும் வாகனங்களும் நகரத்துக்குள் போய் நெரிசலில்தானே நிற்க வேண்டும். அதற்குப் பிறகு புறக்கோட்டையில் இறங்கி, கொள்ளுப்பிட்டிக்கு இன்னொரு பஸ். மழைக்காலக் கணக்கு வேறு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி வீடுகள் தண்ணீரில் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் மலையைச் சரித்த அதே நாட்களில் வத்தளையின் பள்ளப் பகுதிகளும் தப்பவில்லை. சிநேகிதியின் அனெக்ஸ் மேட்டிலா பள்ளத்திலா என்று அவளிடமே கேள். வீட்டுக்காரரிடம் கேட்காதே.

வெள்ளவத்தை அப்படி இல்லை. கோட்டையிலிருந்து தெற்கே கடலோரமாக இறங்கும் ரயில் செக்ரட்டேரியட், கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று நிற்கிறது. உனக்கு வெள்ளவத்தையில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். நெருக்கியடித்துத்தான் வரும், உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து அடிக்கும், கதவடியில் தொங்குகிற பையன்கள் வழி விட மாட்டார்கள். ஆனாலும் வாகன நெரிசல் தண்டவாளத்தில் ஏறாது. அதைவிடப் பெரிய வசதி, ரயிலுக்குப் பக்கத்திலேயே காலி வீதி ஓடுகிறது. ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் என்று திடீரென்று அறிவிப்பார்கள், இந்த நாட்டில் அது புதிதல்ல. அன்றைக்கு 100ஆம் இலக்கப் பாணந்துறை பஸ்ஸோ 101ஆம் இலக்க மொரட்டுவை பஸ்ஸோ இருக்கிறது. 2022 ஜூன், ஜூலையில் பெட்ரோல் வரிசை நாட்கணக்கில் நீண்டபோது முச்சக்கர வண்டி, பஸ் எல்லாம் குறைந்து, ஓடிய ரயில்களில்தான் பாதிக் கொழும்பு வேலைக்குப் போனது. வீட்டிலிருந்து ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நடந்தே போக முடியுமா என்பதுதான் மாமாவின் முதல் கேள்வி. வாடகை இரண்டாவது.

மாலபே பக்கம் மலிவு என்று உன் அலுவலகத்தில் யாராவது சொல்லுவார்கள். மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் வரும் என்று ஜப்பான் கடனோடு ஒரு திட்டம் இருந்தது, ஏறக்குறைய 16 கிலோமீட்டர். அதை நம்பி அந்தப் பக்கம் காணி வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள். 2020 செப்டம்பரில் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. வரப்போகும் ரயிலுக்கு இன்றைக்கு வாடகை கட்டக்கூடாது. நுகேகொடை, மஹரகமைப் பக்கம் களனிவெளி ரயில் இருக்கிறது, அதுவும் தோட்டத்துத் தேயிலையையும் ரப்பரையும் இறக்கப் போட்ட பாதைதான். 1990களில் அகலமாக்கினார்கள், இன்னும் ஒற்றைத் தண்டவாளம். ஒரு ரயில் எதிரே வர இன்னொன்று காத்திருக்க வேண்டும். அங்கே 138ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிப் போகிறவர்களைக் கேட்டுப் பார்.

பயணத்தை நேரக் கணக்கில் பார்த்தவரும் உண்டு. மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்கள் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் போக்குவரத்துக்குக் கொடுக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. நடந்த காலத்தில் நகரம் நடக்கும் தூரத்துக்குள் இருந்தது. வண்டி வந்ததும் நகரம் நீண்டது. சென்னையில் 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே குடியிருப்புகள் வளர்ந்ததையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். போக அரை மணி, வர அரை மணி. அதற்கு மேலே போனால் தூக்கத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் வெட்டி எடுக்க வேண்டிவரும். வத்தளையில் நீ அதைத்தான் வெட்டுவாய், பாப்பா. உன் அக்கா நீர்கொழும்பில் இருந்தபோது எப்படி இளைத்துப்போனாள் என்று மறந்துவிட்டதா?

அப்படியானால் மாடி அறைதானே நல்லது, பயணமே இல்லையே என்று கேட்பாய். போனிலேயே கேட்டுவிட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பயணமே இல்லாத வேலையை நம் ஆட்கள் ஏறக்குறைய 200 வருஷம் பார்த்தவர்கள். லயத்திலிருந்து இறங்கினால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், அங்கிருந்து மலை. கோப்பிக்காக 1867இல் கண்டிக்கும், பிறகு 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் போட்டவர்கள் மூட்டையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக அத்தனை செலவழித்தார்கள். ஆளை மலையிலேயே வைத்துக்கொள்ளப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா போதுமென்று முடிவுகட்டினார்கள். வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக விடியற்காலையில் தப்பு அடித்தால் எழும்ப வேண்டும், பிந்தினால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான். சுகமில்லை என்று காம்பராவுக்குள் படுத்தால் கங்காணி வாசல் ஸ்தோப்பில் நின்று கூப்பிடுவார். வேலையிலிருந்து விலகி உட்கார ஒரு இடம் கிடையாது, இருந்த இடமும் தோட்டத்துடையது.

உன் அம்மா எட்டாம் வகுப்போடு நின்றது காசில்லாமல் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். காசுக்காக அல்ல. தாத்தா போன பிறகு வீட்டில் ஒருத்தராவது தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில் பேர் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவைக் கொடு என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். பாட்டிக்குக் கொழுந்து எடுக்க முடியாத உடம்பு. மாமா அப்போது படிப்பில் முன்னால் இருந்த ஆண்பிள்ளை. மூத்தவள் கூடையை எடுத்தாள். கணக்கில் வகுப்புக்கே முதல் அவள். இன்றைக்கு நீ கணக்காளர் பிரிவில் உட்காருகிறாய் என்றால் அது எங்கேயிருந்து வந்தது என்று யாரும் தேடிப்போக வேண்டாம். அவள் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேச மாட்டாள், நீயும் கேட்காதே.

1972, 1975 நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. துரை மாறினார், கொடி மாறியது. காம்பரா மட்டும் வேலையோடு கட்டியே கிடந்தது. அக்கரைக்குப் போனவர்கள் கதையும் வேறல்ல. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் கப்பலேறிய நம் கோத்தகிரி ஆட்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டது, டான்டீ என்கிறார்கள். வேலையும் கொடுத்தார்கள், வீடும் கொடுத்தார்கள். வயதாகி ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி பண்ணு என்ற பேச்சு வந்தது. திருநெல்வேலி மாவட்டம் மாஞ்சோலையில் 1929இல் 99 வருஷக் குத்தகையில் எடுத்த மலை. குத்தகை முடியப்போகிறது என்று 2024இல் தொழிலாளரிடம் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்து வாங்கி, வீட்டையும் விடச் சொன்னார்கள். மூன்று, நான்கு தலைமுறை அங்கேயே பிறந்த சனம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. இங்கே ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கேட்டு இத்தனை காலம் போராடியது கல்லுக்கும் கூரைக்கும் மட்டுமா? 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 வீடு என்று சொன்னபோது மைதானத்தில் எழுந்த சத்தம் வேறு எதற்கு? வேலை போனாலும் வீடு போகக்கூடாது என்பதற்குத்தான்.

உன் முதலாளி நல்லவர் என்கிறாய். நல்லவராகவே இருக்கட்டும். நல்ல துரைமாரும் இருந்தார்கள். மாடியில் நீ இருப்பது தெரிந்தால் இரவு எட்டரைக்கு ஒரு பில் பார்க்க வேண்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஸ்டொக் எடுக்க வேண்டியிருக்கும். மாட்டேன் என்று சொல்ல வாய் வராது, அவர் வீட்டில் அல்லவா தூங்குகிறாய். நாளைக்கு வேறு கம்பெனியில் நல்ல சம்பளத்தில் கூப்பிட்டால் கடிதம் கொடுக்கும் அன்றைக்கே பெட்டியைத் தூக்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது கொழும்புக் கடைகளில் வேலை செய்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் ஊருக்கு வர வழியில்லாமல் அங்கேயே முடங்கிக் கிடந்தார்கள். கடை பூட்டியிருந்தது, படுக்கையும் கடைக்குள். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன டயகமப் பிள்ளை இறந்த செய்தி வந்த 2021 ஜூலையும் உனக்கு மறந்திருக்காது. நீ படித்தவள், அது வேறு இது வேறு என்று சொல்லுவாய். வேறுதான். இருந்தாலும் அத்தை அன்றைக்கு இரவு தூங்கவில்லை, இப்போது நீ மாடி அறை என்று சொன்னதிலிருந்தும் தூங்கவில்லை.

வெள்ளவத்தையும் சொர்க்கம் அல்ல. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழரைப் பொலிஸார் விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள், மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும், கிராம சேவகரிடம் பதிந்துகொள். போர்டிங்கில் கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், சமைக்க விடுவார்களா, தண்ணீர் நாள் முழுக்க வருமா, முற்பணத்துக்கு ரசீது உண்டா, எல்லாம் கேள். வெட்கப்படாதே. பணம் கொடுப்பதற்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அங்கிருந்து அலுவலகம் வரை போய்ப் பார். மாலையில் இருட்டின பிறகும் ஒரு தடவை, ஸ்டேஷனிலிருந்து வாசல் வரை வெளிச்சம் இருக்கிறதா என்று. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீடு பார்க்கிறவளுக்கு எல்லா வீடும் பக்கம்தான்.

வாடகை கூடுதல் என்றால் தெஹிவளை இன்னும் ஒரு ஸ்டேஷன்தான், கொஞ்சம் குறையும். மாதச் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் ரயில் செலவு வத்தளை இரட்டை பஸ்ஸை விடக் கனக்காது. ஊருக்கு வரும் வெள்ளிக்கிழமையும் வசதி. வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் கோட்டை, அங்கிருந்து நடை, புறக்கோட்டையில் அவிசாவளை, கித்துல்கல வழி வரும் ஹட்டன் பஸ்.

ஆகவே மூன்றையும் நன்றாக யோசித்து உனக்குப் பிடித்ததை எடு. மாடி அறையை எடுத்தாலும் மாமாவுக்குக் கோபம் கிடையாது, மெத்தையை மாமாவே தோளில் தூக்கி வந்து போட்டுத் தருவார். வத்தளை என்றால் வத்தளை. நீ எடுக்கும் முடிவு சரியாகத்தான் இருக்கும், சின்ன வயதிலிருந்தே எங்கள் எல்லாரையும் விடப் புத்திசாலி நீதானே. இத்தனை எழுதியதற்குக் கிழவன் புலம்பல் என்று சிரித்துவிட்டுப் போ. முற்பணத்துக்கு மாமாவின் சேமிப்புப் புத்தகத்தில் இருக்கிறது, திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சே எடுக்காதே. அத்தை தேயிலைத்தூளும் எள்ளுருண்டையும் கட்டி வைத்திருக்கிறாள், கம்பளியும் வைத்திருக்கிறாள், கொழும்பில் எதற்கு என்று கேட்டால் கேட்க மாட்டாள். வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது பேசு.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: வெள்ளவத்தை போர்டிங் அக்காவின் போன் நம்பரை அனுப்பி வை. சும்மா கேட்டு வைக்கத்தான்.