வளைபரப்பும் மெருகும்

இரத்தினபுரியில் வாழ்வார்க்கு நட்சத்திர நீலக்கல் புதிய பொருளன்று. ஆயினும், அதன் உச்சியில் ஆறு கதிர்கள் தோன்றுவது ஏன், அவற்றைச் சிதையாது காப்பது எவ்வாறு என மாணவர் எண்ணிப் பார்ப்பது அரிது. வளைந்த பரப்பொன்றைப் பிழையின்றி ஆக்கும் தொழிலுக்கு இதனினும் நல்ல பாடம் நாம் கண்டிலோம்.

நீலக்கல்லினுள் உரூட்டைல் என்னும் கனியத்தின் நுண்ணூசிகள் மூன்று திசைகளில் 60 பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிக் கிடக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியைக் குவிந்த மேற்பரப்பு ஆறு கதிராகக் காட்டுகின்றது. ஆகவே முதற் பணி கைக்கன்று, கண்ணுக்கேயாம். வெட்டாத கல்லின்மேல் ஒரு துளி எண்ணெயிட்டு, ஒற்றை விளக்கின்கீழ்த் திருப்பிக் கதிர்கள் கூடுமிடத்தை அறிதல் வேண்டும். அடித்தளம் ஊசிகள் கிடக்கும் தளத்திற்கு இணையாக அமையாவிடின் நட்சத்திரம் ஓரத்திற்கு ஒதுங்கும். விலையும் உடன் குறையும்.

அடுத்தது வடிவம். கோலில் அரக்கால் ஒட்டிய கல்லைச் சாணையில் ஓரிடத்தே நிறுத்தலாகாது. இடையறாது சுழற்றுதல் வேண்டும். நின்ற இடம் தட்டையாகும். அங்கே கதிர் நெளியும்.

மூன்றாவது மெருகு. நீலக்கல்லின் வன்மை மோவின் அளவையில் 9, வைரத்தினது 10. எனவே ஈற்று மெருகிற்கு வைரத்தூள் சிறந்தது. பருந்தூளிலிருந்து நுண்தூளுக்குப் படிப்படியாகச் செல்லுமிடத்து, முந்திய தூளின் கீறல் முற்றும் நீங்கிய பின்னரே அடுத்ததை எடுத்தல் முறை. ஒவ்வொரு படியிலும் கல்லையும் கையையும் கழுவுதல் வேண்டும். பருந்துகள் ஒன்று தங்கினும் மெருகு கெடும்.

எம் பழைய மாணவர் ஒருவர், அவசரத்தில் ஒரு படியைத் தாண்டிய கல்லொன்றை எம்மிடம் காட்டினார். மெருகு ஏற ஏற உள்ளிருந்த கீறலே தெளிவாயிற்று. மீண்டும் பருந்தூளுக்குத் திரும்பினார்; கீறல் நீங்கியது, கல்லின் எடையும் குறைந்தது.

உலோகத்தை வெட்டும் எந்திரத்திற்கும் இந்நியதி பொருந்தும். உருண்டைமுனை வெட்டி அடுத்தடுத்துச் செல்லுகையில் இடையே சிறு வரம்புகள் எஞ்சும். வெட்டியின் ஆரை 5 மில்லிமீற்றராகவும் இடைவெளி 1 மில்லிமீற்றராகவும் இருப்பின், தட்டையான பரப்பில் வரம்பின் உயரம் ஏறத்தாழ 0.025 மில்லிமீற்றர். இடைவெளியைப் பாதியாக்கின் உயரம் காற்பங்காகும். வேலை நேரமோ இருமடங்காகும். முனையின் நடுப்புள்ளி சுழன்றும் நகராது. ஆதலின் அது வெட்டாது தேய்க்கும். வெட்டியைச் சற்றே சாய்த்தல் இதற்குப் பரிகாரம்.

நியூயோர்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையிலுள்ள, 563 கரட் எடைகொண்ட 'இந்திய நட்சத்திரம்' இலங்கை மண்ணிற் கிடைத்ததேயாம். அதனை ஆக்கிய கையும் இப்படிகளைக் கடந்தே வந்திருக்கும். தேய்த்ததை மீட்டும் சேர்த்தல் எவர்க்கும் இயலாது. இதனை மாணவர் மனத்திற் கொள்வாராக.