டெலஸ்கோப் டைம் வாங்குவது பாதி வேலை. டிக்கெட்டுக்கு யார் பணம்?

வானியலில் பிஎச்.டி. செய்பவர்கள் பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். மாதக்கணக்கில் உழைத்து ப்ரொபோசல் எழுதி, வெளிநாட்டு டெலஸ்கோப்பில் இரண்டு இரவுகள் வாங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் விமான டிக்கெட்டுக்கு வழி தேடுகிறார்கள். ப்ரொபோசல் எழுத உட்காரும் அன்றே பயணப் பணத்தையும் யோசியுங்கள்.

1. முதலில், அங்கே ஆள் போக வேண்டுமா என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் சால்ட் தொலைநோக்கியில் புனேயில் உள்ள ஐயூகா ஆய்வு மையத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அங்குள்ள வானியலாளர்களே க்யூ முறையில் டேட்டா எடுத்து அனுப்பிவிடுவார்கள். லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் இமாலயன் சந்திரா தொலைநோக்கியை (ஹெச்.சி.டி.) பெங்களூரு அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்தே இயக்கலாம். இங்கெல்லாம் பயணச் செலவு கேட்டால் நியாயமான கேள்வி வரும்: எதற்கு?

2. அந்த ‘எதற்கு’க்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். வெற்றி தோல்வி இங்கேதான் தீர்மானமாகிறது. சிலியில் உள்ள பாரனால் வானாய்வகத்தில் சர்வீஸ் மோட் (அங்குள்ளவர்களே டேட்டா எடுத்து அனுப்புவது), விசிட்டர் மோட் (நீங்கள் நேரில் போவது) இரண்டும் உண்டு. விசிட்டர் மோட் கேட்பவர், தான் நேரில் இருந்தே ஆக வேண்டிய காரணத்தைக் காட்ட வேண்டும். ‘அனுபவம் கிடைக்கும்’ என்பது உங்கள் லாபம். நேரம் ஒதுக்கும் கமிட்டிக்கு அதனால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: ‘இந்த நட்சத்திரத்தின் ஒளி சில மணி நேரத்தில் மாறுகிறது, முதல் ஸ்பெக்ட்ரம் வந்ததும் அதைப் பார்த்து, அடுத்த எக்ஸ்போஷர் எவ்வளவு, எந்த இலக்கு என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டும்.’ இரவு மூன்று மணிக்கு சீயிங் கெட்டுப்போனால் எந்த இலக்கை விடுவீர்கள், எதற்குத் தாவுவீர்கள் என்ற பேக்கப் பட்டியலையும் தயாராக வையுங்கள். அதைப் பார்த்தால் பணம் தருபவருக்கு நம்பிக்கை வரும்.

3. பணம் இருக்கும் கதவைத் தட்டுங்கள். பாரனாலை நடத்தும் ஐரோப்பிய தென் வானாய்வகத்தின் (ஈ.எஸ்.ஓ.) பயண உதவி, அடிப்படையில் உறுப்பு நாட்டு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கானது. இந்தியா உறுப்பு நாடு அல்ல. ஆகவே ஐரோப்பாவில் ஒரு கொலாபரேட்டரைப் பிடித்து, யார் போவது, யார் செலவு என்பதை ஆரம்பத்திலேயே மெயிலில் பேசி முடியுங்கள். மத்திய அரசின் எஸ்.இ.ஆர்.பி. காலத்திலிருந்து வரும் ஐ.டி.எஸ். எனும் வெளிநாட்டுப் பயண நிதி, முக்கியமாக மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் போகிறவர்களுக்கு. அப்சர்விங் பயணத்துக்கு அதை நம்ப வேண்டாம். உங்களுக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் கைடின் ப்ராஜெக்ட்டில் பயணத்துக்கென ஒதுக்கிய தொகை, அதாவது டிராவல் ஹெட்தான். அதற்கு லேபில் போட்டி இருக்கும். முதலில் கேட்பவருக்கே வாய்ப்பு. கல்லூரி ஆசிரியராக இருந்தால் ஐயூகாவின் அசோசியேட் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள்.

4. பட்ஜெட்டை டிக்கெட்டோடு நிறுத்தாதீர்கள். ஹவாயின் மௌனா கியா மலை 4,200 மீட்டர் உயரம். உடல் பழக, வழியில் 2,800 மீட்டரில் உள்ள ஹாலே போஹாகுவில் தங்க வேண்டும். பாரனாலுக்கு அன்டோஃபகாஸ்டா வரை விமானம், பிறகு பாலைவனத்தில் சுமார் 120 கிலோமீட்டர் சாலைப் பயணம். விசா கட்டணம், இன்ஷூரன்ஸ், கூடுதல் தங்கல் எல்லாவற்றையும் தனித்தனி வரியாகக் காட்டுங்கள். மொத்தமாக ஒரு தொகை போட்டால் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் திருப்பி அனுப்பும். அமெரிக்க விசா இன்டர்வியூவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

5. போவதற்கு முன் கை பழகியிருக்கட்டும். ஜவ்வாது மலையின் காவலூரில் 2.3 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அங்கே சில இரவுகள் வேலை செய்தவர் என்பது உங்கள் சி.வி.யில் கனமான வரி. திரும்பி வந்ததும் ஒரே பக்கத்தில் ரிப்போர்ட் எழுதி, பணம் தந்தவருக்கு அனுப்புங்கள். பேப்பர் வெளியாகும்போது அவர்கள் பெயரை நன்றியில் சேருங்கள். அடுத்த முறை உங்கள் விண்ணப்பம் வரும்போது அது நினைவிருக்கும்.

டிராவல் ஹெட்டில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று உங்கள் கைடிடம் இந்த வாரமே கேளுங்கள். நிதியாண்டு முடியும் மார்ச் வரை காத்திருந்தால் அதை வேறொருவர் வாங்கிப் போயிருப்பார்.