சுவர்மேற் படரும் கிணற்றடிப் பூண்டு: இனங்காணலும் வளர்த்தலும்

சாலொமோன் அரசன் மரஞ்செடிகளைப்பற்றியும் ஞானவுரை பகர்ந்தான் என்று அரசர் புத்தகம் கூறுகின்றது. அவனுடைய உரை லீபனோன் மலையிலே ஓங்கி நிற்கும் கேதுருவில் தொடங்கி, சுவரில் முளைக்கும் ஈசோப்புவரை சென்றதாம். கேதுருவைக் கண்டு வியப்பவர் பலர். சுவரிலே முளைத்த பூண்டின் முன் நின்று அதனை உற்று நோக்குபவர் சிலரே. அத்தகைய பூண்டு ஒன்று நம் கண்முன்னேயே நாள்தோறும் பூத்துக் கிடக்கின்றது. அதனை ஐயமின்றி அறிந்துகொள்வதும், விரும்பினால் முறையாக வளர்ப்பதும் எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

விழுப்புரத்தை அடுத்த காணை முதலிய ஊர்களில் பழங்கிணற்றின் கைப்பிடிச்சுவரை ஒருமுறை பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் விட்டுப்போன இடுக்குகளிலிருந்து மெல்லிய தண்டுகள் கிளைத்துச் சுவரோடு ஒட்டித் தொங்கும். ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒரு சாண் அளவு நீண்ட காம்பு நிமிர்ந்து நின்று, அதன் தலையிலே வெளிர்மஞ்சள் நிறமான ஒற்றைப் பூவைத் தாங்கும். இதுவே கிணற்றடிப் பூண்டு. வெட்டுக்காயப் பூண்டு என்றும், காயப்பச்சிலை என்றும், தாத்தாப்பூ என்றும் இதற்கு வேறு பெயர்கள் வழங்குகின்றன. சிறுவர் காம்பைச் சுருக்கிட்டுப் பூந்தலையைச் சுண்டித் தெறிக்கச் செய்து விளையாடுவதை நம்முள் அறியாதார் இலர்.

1. பெயரும் பிறப்பும்

தாவர நூலார் இதனை டிரைடாக்ஸ் புரோகும்பென்ஸ் என்பர். 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் லின்னேயஸ் இப்பெயரைச் சூட்டினார். பின்பாதிச் சொல்லுக்குத் தரையிற் படிந்து கிடப்பது என்று பொருள். ஆங்கிலேயர் இதனை மேற்சட்டைப் பொத்தான் என்று அழைப்பர். பூவின் வட்ட வடிவைக் கண்டு இட்ட பெயராதல் வேண்டும்.

இப்பூண்டின் தாயகம் நம் நாடு அன்று. மெக்சிகோவும் அதனைச் சூழ்ந்த வெப்ப அமெரிக்க நாடுகளுமே. கொலம்பஸ் 1492-இல் கடல் கடந்த பின்னரே இஃது இக்கரைக்கு வந்திருத்தல் கூடும். ஆகவே, அக்காலத்திற்கு முற்பட்ட நூலொன்றில் இப்பூண்டு கூறப்பட்டுள்ளது என்று எவரேனும் உரைப்பின், அந்நூல் குறித்தது வேறொரு பூண்டே என்று நாம் துணிந்து கூறலாம். இதனால் இப்பூண்டை அயலது என்று இகழ்தல் வேண்டா. விழுப்புரம், திண்டிவனம் பகுதி உழவர் பெருக விளைக்கும் நிலக்கடலையும், நம் குழம்பிற்கு உறைப்பூட்டும் மிளகாயும் அவ்வமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தனவே.

2. உறுப்புக்களால் அறிதல்

ஒரு பூண்டை அறிய விரும்புவோன் முதலிற் பூவைப் பார்த்து மயங்குதல் ஆகாது. வேரிலிருந்து நுனிவரை முறையாக நோக்கிச் செல்லுதல் வேண்டும்.

தண்டு: மெல்லியது, உருண்டையானது, வெண்மயிர் நிறைந்தது. அடியில் தரையோடு படிந்து, நுனியில் மேல்நோக்கி வளையும். மண்ணைத் தொட்ட கணுக்களில் வேர் விடும்.

இலை: கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். முட்டைவடிவினின்று ஈட்டிவடிவு வரை வேறுபடும். விளிம்பு வாளின் பற்கள்போல் ஆழமாக வெட்டுண்டிருக்கும். இருபுறமும் மயிர் உண்டாதலால் விரலுக்குச் சொரசொரப்பாகத் தோன்றும்.

பூக்காம்பு: இதுவே தலையாய அடையாளம். இலையின்றி, கிளையின்றி, 10 முதல் 30 செண்டிமீட்டர் வரை நீண்டு, ஒரே ஒரு பூந்தலையைத் தாங்கும்.

பூந்தலை: நாம் ஒரு பூ என்று கருதுவது மெய்யாகப் பல சிறு பூக்களின் கூட்டமாகும், இது சூரியகாந்திக் குடும்பத்தின் பொதுவியல்பு. ஓரத்தில் பெரும்பாலும் ஐந்து கதிர்ப்பூக்கள் அமையும். அவற்றின் நிறம் வெளிர்மஞ்சள் அல்லது பால்வெண்மை. ஒவ்வொன்றின் நுனியும் மூன்று பற்களாகப் பிளவுபட்டிருக்கும். நடுவிலுள்ள வட்டத்தில் குழல்வடிவான மஞ்சட் பூக்கள் நெருங்கி நிற்கும். ஓரத்தன பெண்பூக்கள்; நடுவிலுள்ளவை இருபாலின.

விதை: பூ முதிர்ந்தபின் அத்தலை வெண்பஞ்சு உருண்டையாக மாறும். மயிரடர்ந்த கருநிறச் சிறுகனி ஒவ்வொன்றன் தலையிலும் இறகுபோன்ற தூவிகள் சூழ்ந்திருக்கும். காற்று அதனைத் தூக்கிச் சென்று, ஏணிவைத்து ஏறமாட்டாத சுவரின் உச்சியிலும் சேர்த்துவிடுகின்றது.

3. மயங்கத்தக்க பூண்டுகள்

யான் மாணவனாயிருந்த காலத்தில் இப்பூண்டை உலர்த்தித் தாளில் ஒட்டி, கரிசலாங்கண்ணி என்று எழுதி வைத்தேன். அச்சீட்டை நம்பிய தோழர் ஒருவர், தம் தாயார் தலைக்குத் தைலங் காய்ச்சுவதற்கென்று இதே இலையை ஒரு கூடை நிறையப் பறித்துச் சென்றார். எழுத்தறியாத அம்மூதாட்டியார் ஓர் இலையைக் கசக்கிப் பார்த்தார். “கை கறுக்கவில்லையே, இது கையாந்தகரை அன்று, அப்பா” என்று கூறிக் கூடையைத் திருப்பிவிட்டார். நூல்களைப் புரட்டிய யான் காணாததை அவர் விரலிடுக்கிலே கண்டார். தவறான சீட்டு ஒன்று எழுதியவனோடு நில்லாது பிறர் வீட்டு அடுப்புவரை செல்லும் என்பதை அன்று உணர்ந்தேன்.

எனவே வேறுபாடுகளைத் தெளிவாகக் கூறுவேன். கரிசலாங்கண்ணி என்னும் எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா ஈரம் நிறைந்த வரப்பிலும் வாய்க்காற் கரையிலும் வாழ்வது. அதன் இலை ஒடுங்கி நீண்டது. காம்பு இல்லை என்றே சொல்லலாம். பூ வெண்ணிறமானது, மிகச் சிறியது, ஓரப்பூக்கள் நூலிழைபோல் எண்ணற்றவை. அதன் பூக்காம்பு குறுகியது. விதைக்குப் பறக்கும் தூவியில்லை. தண்டையும் இலையையும் கசக்கினால் சாறு சிறிது நேரத்திற் கருக்கும். லின்னேயஸ் மரபில் வந்த இருபெயர்களும் படுத்துக் கிடப்பது என்னும் ஒரே கருத்துடையன. ஆதலாற் பெயரின் பொருளை மட்டும் பற்றிக்கொண்டு பூண்டை அறிதல் இயலாது.

தோட்டங்களிற் பச்சைப் பாய்போல் வளர்க்கப்படும் மஞ்சட் பூக்கொடி ஒன்று உண்டு. அதன் இலை பளபளப்பாகப் பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். பூ முழுதும் ஆழ்ந்த பொன்னிறம். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபாட்டா என்பது அதன் பெயர். சுருங்கக் கூறின், நீண்ட தனிக்காம்பு, மூன்று பல்லுடைய ஐந்து வெளிர்க்கதிர்கள், பறக்கும் தூவி ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படின் அது கிணற்றடிப் பூண்டே.

4. சுவரில் வாழும் திறம்

சுவர் என்பது செடிக்குப் பாலைநிலம். மண் கைப்பிடியளவே, மழை பெய்த நீர் உடனே வழிந்துவிடும், வெயிலில் கல் காயும். ஆயினும் அங்கே நிழலிட்டு ஒடுக்கும் பெருஞ்செடியும் இல்லை. கால்நடையும் எளிதில் எட்டாது. இடுக்கில் தங்கிய தூசியும், உதிர்ந்த சுண்ணாம்பும், பாசி மக்கிய பொடியுமே இப்பூண்டிற்குப் போதிய உணவாகின்றன. வேர் இடுக்கினுள் ஆழச் சென்று, கல்லின் பின்னே தங்கிய ஈரத்தைத் தேடும். தண்டு கீழ்நோக்கிச் சரிந்து, இலைகள் வெயிலை நோக்கித் திரும்பும். ஆண்டு முழுவதும் பூக்குமாயினும், ஐப்பசி முதல் தைவரை வடகிழக்குப் பருவமழையின் பயனாக இப்பகுதியில் மிகச் செழிப்பாகக் காணப்படும். சிறு பட்டாம்பூச்சிகளும் தேனீக்களும் அதனை விடாது நாடுகின்றன.

சுவர்ப்பூண்டுகள் யாவும் ஒரே தீங்கு விளைப்பன அல்ல. பறவையின் எச்சத்தில் வந்து முளைக்கும் அரசும் ஆலும் வேர் பருக்கப்பருக்கக் கல்லைப் பிளந்துவிடும். இப்பூண்டின் வேரோ மரமாகப் பருப்பதில்லை. எனினும் அது தூசியையும் ஈரத்தையும் தேக்கிவைத்தலால், பழமை வாய்ந்த கட்டடங்களில் இதனையும் வளரவிடுதல் தகாது. செஞ்சிக் கோட்டை மதிலைப் போன்ற காக்கப்பட்ட இடங்களில் நாமாகச் செடியைப் பிடுங்குதலும் நடுதலும் கூடா. நோக்கிக் குறிப்பெழுதுதலே நம் கடமை.

5. வளர்க்கும் முறை

தோட்டத்தின் புற எல்லையில் சாந்தின்றி அடுக்கிய கற்சுவரோ, மண் சரியாமல் தாங்கும் அணைசுவரோ இருப்பின் அதுவே தக்க இடம். வீட்டுச் சுவரும் கோயிற் சுவரும் ஆகா. நாள் முழுதும் வெயில்படும் பக்கத்தைத் தேர்ந்துகொள்க.

விதையால் வளர்க்க விரும்புவோர், பஞ்சுருண்டையாகிய தலைகளைப் பனி உலர்ந்தபின் காலையிற் கொய்து காகித உறையில் இடுக. சலித்த செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு சேர்த்துப் பிசைந்து, சுவரின் இடுக்குகளில் விரலால் அழுத்துக. அம்மண்ணின்மேல் விதையைத் தூவி மெல்ல ஒத்திவிடுதல் போதும். ஆழப் புதைத்தல் கூடாது. முளைப்பதற்கு அதற்கு ஒளி வேண்டும். மழை தொடங்கும் நாட்களே இதற்கு ஏற்றவை. மழை தவறினால் காலையும் மாலையும் நீரைத் தெளித்து வருக. ஊற்றினால் மண் கரைந்துவிடும்.

தண்டால் வளர்ப்பது இன்னும் எளிது. நான்கு கணுக்கள் கொண்ட தண்டை வெட்டி, பூவை நீக்கி, இரண்டு கணுக்கள் இடுக்கு மண்ணினுள் இருக்குமாறு சாய்த்துச் செருகுக. வேர் பிடிக்கும்வரை ஈரம் குறையாது காத்தால் போதும். பின்னர் மிகுந்த நீரும் உரமும் வேண்டா. கொழுத்த மண்ணில் இலை மிகுமேயன்றிப் பூ மிகாது. சுவர் இல்லாதவர் அகன்ற மண்தொட்டியில் நட்டு மேடையின் விளிம்பில் வைத்தால், கொடி தானே தொங்கி அழகு செய்யும்.

6. எச்சரிக்கை

இப்பூண்டு வளர்ப்பவனுக்கு அடங்கி நிற்பதன்று. பறக்கும் விதை பக்கத்துக் கடலைக் கொல்லைக்குச் சென்றால், அங்கே அது களையாகும். உழவர் கைக்களையெடுக்கும் கூலியை நாம் பெருக்குதல் நீதியன்று. ஆதலால் பூ வாடியவுடன், தலை பஞ்சாகு முன்னரே, காம்போடு கிள்ளிவிடுக. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்திய அரசு இதனைத் தீங்கு செய்யும் களைகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. வெளிநாடு செல்லும் பழைய மாணவர்கள் இதன் விதையை நினைவுப்பொருளாகக்கூட எடுத்துச் செல்லாதிருப்பாராக.

வயலில் அரிவாள் பட்ட காயத்தில் இதன் இலைச்சாற்றைப் பிழியும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அதன் சாற்றை ஆய்வுக்கூடங்களில் எலிகளின் புண்ணிலிட்டு ஆராய்ந்தும் இருக்கின்றனர். ஆயினும் சுவரிலும் தெருவோரத்திலும் கிடந்த இலையில் மண்ணும் தூசியும் படிந்திருக்கும். ஏற்புவலி நோயின் நுண்கிருமி வாழ்வது அம்மண்ணிலேயாம். ஆதலின் காயத்தைச் சோப்பும் தூய நீரும் கொண்டு கழுவி, தாமதியாது மருத்துவரை அடைந்து தடுப்பூசி இட்டுக்கொள்ளுதலே அறிவுடைமை.

7. மாணவர் செய்து காணத்தக்கவை

ஒரு சுவரில் வளர்ந்த பத்துச் செடிகளையும், அருகே தரையில் வளர்ந்த பத்துச் செடிகளையும் எடுத்துக்கொண்டு இலையின் நீளத்தையும் பூக்காம்பின் உயரத்தையும் அளந்து ஒப்பிடுக. காற்றில்லா அறையில் தூவியோடு கூடிய விதையையும், தூவி நீக்கிய விதையையும் ஒரே உயரத்திலிருந்து விழவிட்டு, தரையை அடையும் நேரத்தைக் குறிக்க. உலர்த்தி ஒட்டும் தாளில், பெயரை எழுதுமுன் ஊர், நாள், இடத்தின் தன்மை, பூவின் நிறம் ஆகியவற்றை எழுதுக; பெயர் தவறினும் அக்குறிப்புக்கள் பயன்படும்.

நம் நாட்டிற் செடிகளை ஆராய்ந்தவர்களுள் இறைத்தொண்டர் பலர் இருந்தனர். 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் ஐயர் செடிகளைத் திரட்டிப் பெயர் ஆராய்ந்ததோடு, தமிழ்ச் சொற்களையும் திரட்டி அகராதி ஒன்றும் இயற்றினார். நம் காலத்தில் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் மத்தேயு அடிகளார் சோழமண்டலச் சமவெளியின் செடிகளையெல்லாம் நடந்து தேடித் தொகுத்து, 1981 முதல் பெருநூலாக வெளியிட்டார். சொல்லுக்குப் பொருள் காண்பதும் செடிக்குப் பெயர் காண்பதும் ஒரே நேர்மையின் இருவேறு தொழில்கள்.

அடுத்தமுறை கிணற்றங்கரையில் இப்பூவைக் காணும்போது, தலையைச் சுண்டித் தெறிக்குமுன் அதன் கதிர்களை எண்ணிப் பாருங்கள். எண்ணியபின் ஐயம் எழுமாயின், ஓர் இலையைக் கசக்கி, அவ்வூர் மூதாட்டியார் ஒருவரிடம் காட்டிக் கேட்கவும் நாணாதீர்கள்.